செலவான வார்த்தைகள்

கிந்தா மின்னல் அணிக்குப் பல வருடங்களாகத் தமிழே போதுமானதாக இருந்தது. பெயிண்ட்பால் ஆட்டத்தில் பேச்சுதான் பாதி உயிர். காற்றடைத்த பெரிய அரண்களுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு, அணிக்கு ஐந்து பேராகச் சாயக் குண்டுகளால் சுட்டுக்கொள்வார்கள். சாயம் பட்டவர் வெளியே. எதிரணியின் எல்லையில் இருக்கும் மணிப் பொத்தானை அழுத்திவிட்டால் ஒரு புள்ளி. பதுங்கியிருப்பவருக்கு முகத்துக்கு முன்னால் இருக்கும் ரப்பர் சுவரைத் தவிர வேறொன்றும் தெரியாது. கூட ஆடுபவர்தான் கண். அவர் போடும் சத்தம்தான் வழி.

"பாம்புக்குள்ள ஒருத்தன்! எடப்பக்கம் ரெண்டு! நான் போறேன்!" என்று அமுதவள்ளி தொண்டை கிழியக் கத்துவாள். மைதானத்தின் ஓரமாக நீளமாய், இடுப்பு உயரம்கூட இல்லாமல் படுத்திருக்கும் அரணுக்குப் பாம்பு என்று பெயர். அதற்குப் பின்னால் வயிற்றால் ஊர்ந்து முன்னேறுவது அவள் வேலை. எதிரணியில் இருந்த மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் அந்தத் தமிழ் வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். வாரத்தில் ஆறு நாள் ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில் தாதியாக, யாரையும் அதட்டாமல் மெல்லப் பேசுகிறவள், ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படிக் கத்துவதைப் பார்த்தால் அவளுடைய நோயாளிகள் நம்பமாட்டார்கள்.

அந்தத் தமிழ் ஒருநாள் கோலாலம்பூரில் செத்துப்போனது. எதிரே பாயு அணி. அவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் அமுதா "எடப்பக்கம் போறேன்" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் இரண்டு துப்பாக்கிகள் அவளுடைய இடப்பக்கம் திரும்பிக் காத்திருந்தன. தலைக்கவசம் முழுக்க மஞ்சள் சாயத்தோடு வெளியே வந்தவள், ஓரத்தில் நின்ற பாயு பயிற்சியாளரின் காதில் சின்னதாக ஒரு மொழிபெயர்ப்புக் கருவி இருப்பதைப் பார்த்தாள். மைதானத்தில் கத்துவது எல்லோருக்கும் பொது, கேட்பதற்கு எந்தக் கருவி வைத்துக்கொண்டாலும் தப்பில்லை என்று போட்டி நடத்துபவர்கள் சொல்லிவிட்டார்கள்.

தமிழ் போனதும் சங்கேத வார்த்தைகள் வந்தன. இடப்பக்கத்துக்குக் கத்திரிக்காய், வலப்பக்கத்துக்கு வெண்டைக்காய். அதுவும் நிலைக்கவில்லை. எந்த வார்த்தைக்குப் பிறகு யார் எப்படி அசைகிறார்கள் என்று அந்தக் கருவி தன் கேமராவால் பார்த்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது தடவை சொல்லும்போதே கத்திரிக்காயின் அர்த்தம் பயிற்சியாளரின் காதுக்குப் போய்விடும்.

"அப்ப ஒரு வார்த்தைய ஒரு தடவைக்கு மேல சொல்லக்கூடாது" என்றார் அணித் தலைவர் சத்தியசீலன். கோப்பெங்கில், பழைய ஈயச் சுரங்கத்து மணல்மேட்டில் அவர்களுடைய பயிற்சி மைதானம். அணியின் மற்ற நால்வரும் வியர்வையோடு அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்: அமுதா, பிரேமநாதன், இரட்டையர்களான முரளியும் சசியும்.

"அண்ணே, அப்பன்னா ஒரு போட்டிக்கே நூத்துக்கணக்குல வேணும்" என்றான் பிரேம். "எதுக்கு எது அர்த்தம்னு யோசிச்சிக்கிட்டு நின்னா மூஞ்சிலயே வாங்கிட்டு வரவேண்டியதுதான்."

"யோசிக்கவே வேணாம்." சீலன் பையிலிருந்து ஒரு வளையத்தை எடுத்தார். தலையில் மாட்டிக்கொள்ளும் வளையம், பார்க்க மெலிதாக இருந்தது. அவர் ஒரு மருத்துவமனையில், பக்கவாதம் வந்தவர்களுக்கு உடற்பயிற்சி கொடுக்கும் பிரிவில் வேலை செய்தார். "கை கால் விழுந்துபோனவங்களுக்காகச் செஞ்சது இது. இதப் போட்டுக்கிட்டு ஒரு வார்த்தையக் கேட்டுக்கிட்டே ஒரு அசைவத் திரும்பத் திரும்பச் செய்யணும். கொஞ்ச நாள்ல வார்த்தை காதுல விழுந்தாப் போதும், ஒடம்பு தானாச் செய்யும். மூளைகிட்ட அனுமதி கேக்காது. 'நட'ன்னு சொன்னா நடக்க முடியாதவருக்கே கால் எழும்புது. ஒங்களுக்கு எழும்பாதா?"

அமுதா அந்த வளையத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "சொல்லி முடிச்ச வார்த்தை எல்லாம் அப்புறம் என்னாகும் சீலண்ணே?"

"செலவாயிடும். மங்கிப்போயிடும் தங்கச்சி" என்றார் அவர். சொல்லும்போது அவர் பார்வை மணல்மேட்டின் பக்கம் இருந்தது. அப்போது அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பயிற்சி கொஞ்சநஞ்சமல்ல. விடிந்ததும் மணலில் ஓட்டம். அப்புறம் வயிற்றால் பாம்பின் நீளத்துக்கு ஊர்வது, முழங்கை தோல் உரிகிற வரைக்கும். ஒரு கண்ணும் துப்பாக்கி முனையும் மட்டும் வெளியே தெரியும்படி எட்டிச் சுட்டுவிட்டு, இமைப்பதற்குள் உள்ளே இழுத்துக்கொள்வது. ஓடிக்கொண்டே சுடுவது. அதன் பிறகு வளையம். ஒவ்வொரு வார்த்தையும் ஒருவருக்கு, ஓர் அசைவுக்கு. பின்னால் நின்று மைதானம் முழுவதையும் பார்க்கும் சீலன் கூப்பிடுவார். சீலனுக்கே ஒன்று சொல்லவேண்டியிருந்தால் பிரேம் கூப்பிடுவான்.

முதலில் எல்லாமே வேடிக்கையாகத்தான் இருந்தது. பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்த பிரேம், பக்கத்துக் கடைக்காரர் "முருங்கக்கா, முருங்கக்கா" என்று கூவியதும் பாய்ந்துபோய் ஐஸ்கட்டிக்குள் விழுந்தான். முரளியும் சசியும் அதைச் சொல்லிச் சொல்லி வாரம் முழுக்கச் சிரித்தார்கள். எதிரணிகளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. காய்கறி தீர்ந்தது, பழம் தீர்ந்தது, வீட்டுச் சாமான், ஊர்ப்பெயர் எல்லாம் செலவாயின. மின்னல் அணி வரிசையாக ஜெயித்துக்கொண்டே போனது. மலேசியாவில் முதல் தடவையாக ஒரு தமிழ் அணி இறுதிப்போட்டி வரைக்கும் வரும் போலிருந்தது.

அரையிறுதிக்கு முன்னால் சீலன் அவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

"சும்மா வார்த்தைங்க இப்பல்லாம் லேசாத்தான் ஒட்டுது அமுதா. ஒடம்பு பழகிப்போச்சு. உள்ளுக்குள்ள வேர் விட்ட வார்த்தையா இருந்தா ஒடனே பிடிச்சுக்கும். நான் எங்கம்மா பேரக் குடுத்துட்டேன், சரஸ்வதின்னு. ஒனக்கு எது?"

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "தூரிகா" என்றாள். அவளுடைய மகள். மூன்றாம் வகுப்பு.

மார்பு தரையில் படும்படி விழுந்து இடப்பக்கம் உருண்டு பாம்புக்குள் போகவேண்டும் என்பதுதான் அதோடு கட்டப்பட்ட அசைவு. அரையிறுதியில் சீலன் அந்தப் பெயரைக் கூப்பிட்டபோது தான் விழுந்ததே அமுதாவுக்குத் தெரியவில்லை. கண் திறந்தபோது பாம்புக்குள் இருந்தாள். அவள் நின்ற இடத்தைக் குண்டுகள் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அன்றைய ஆட்டத்தை முடித்துவைத்தது அந்த ஒரு உருளல்தான். இரட்டையர்கள் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள்.

பள்ளி விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போயிருந்த மகள் அடுத்த சனிக்கிழமை இரவுதான் திரும்பினாள். ஞாயிறு காலை பாசாரில் கூட்டம். அமுதா வலக்கையில் பையும் இடக்கையில் மகளின் கையுமாகச் சாலையோரம் நடந்துகொண்டிருந்தாள். கணவன் குணாளன் பூக்கடையில் பின்தங்கிவிட்டான். கூட்டத்தில் அவர்களைக் காணாமல், "தூரிகா! அங்கயே நில்லு!" என்று குரல் கொடுத்தான்.

அமுதா விழுந்தாள். கையை விடவில்லை. மகளையும் இழுத்துக்கொண்டு இடப்பக்கம் உருண்டாள். இடப்பக்கம் சிமெண்டுச் சாக்கடை இருந்தது. தன் உடம்புக்குக் கீழே ஏதோ ஒடிகிற சத்தத்தைக் கேட்டபோதும் அவளால் உருளுவதை நிறுத்த முடியவில்லை.

மகளுக்கு மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டுவிட்டு டாக்டர், "விழுந்ததா, இழுத்ததா?" என்று கேட்டார். குணாளன்தான் என்னவோ சொல்லிச் சமாளித்தான்.

வீட்டுக்கு வந்ததும் அமுதா மகளை உட்காரவைத்து உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டாள். வளையம், வார்த்தை, எல்லாம். கடைசி வரை கேட்டுவிட்டு மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அது என் பேரும்மா. நீ எப்படிக் குடுத்த?"

அன்றிலிருந்து வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. குணாளன் மகளைப் பாப்பா என்று கூப்பிட்டான். அவள் திரும்பிப் பார்ப்பாள், ஆனால் பதில் சொல்லமாட்டாள்.

மறுநாளே அமுதா சீலனைத் தேடிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். அவர் ஒரு பெரியவரைக் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே நடக்கவைத்துக்கொண்டிருந்தார். முடியும்வரை காத்திருந்தாள்.

"இத அழிச்சுடுங்கண்ணே."

"முடியாது அமுதா."

"மங்கிப்போயிடும்னு சொன்னீங்க."

சீலன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மங்கும்னு நெனச்சேன். அப்படி நெனச்சுக்க ஆசப்பட்டேன்னு வச்சுக்க. இதச் செஞ்சது நோயாளிங்களுக்காக. கஷ்டப்பட்டு வந்த கால் திரும்பப் போயிடக்கூடாதுன்னு, அழியவே அழியாத மாதிரி செஞ்சாங்க. அழிக்கிறதுக்கு வழி ஒண்ணு வேணும்னு யாருக்கும் தோணல." கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எங்க வீட்டுல அம்மா படத்துக்கு வெளக்கு ஏத்தறப்ப என் பொஞ்சாதி அவங்க பேரச் சொல்லும். நான் எந்திரிச்சு ஓடுறேன் தங்கச்சி. சாமி அறையில இருந்து வாசல் வரைக்கும் ஓடுறேன்."

அவர்மேல் கோபப்படத்தான் வந்திருந்தாள். வந்த கோபம் எங்கேயோ போய்விட்டது.

"சரி. நானே அழிச்சுக்கறேன்" என்றாள்.

குணாளன் ஆட்டத்தை விட்டுவிடச் சொன்னான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. லிப்ட் பழுதுபார்ப்பவன். எதைப் பார்த்தாலும் முதலில் மின்சாரத்தை நிறுத்தத் தோன்றும் அவனுக்கு. "விட்டுட்டா மட்டும் ஒடம்புல இருக்கறது போயிடுமாங்க?" என்று கேட்டாள். "ஆட்டம் இருக்கட்டும். இதுதான் இப்ப எனக்குப் பெரிய ஆட்டம்."

மறுநாள் விடிந்ததும் வீட்டுக்குப் பின்னால் புல்லில் பழைய மெத்தையை விரித்தாள். மகளை முன்னால் நிற்கவைத்தாள்.

"கூப்புடு."

"எப்படிம்மா, என்னை நானே கூப்புடறது?"

"அப்படித்தான்."

"தூரிகா" என்றாள் மகள். அமுதா மெத்தையில் விழுந்து உருண்டாள். எழுந்தாள். "மறுபடி." விழுந்தாள். "மறுபடி." பள்ளிக்கூட வேன் வரும்வரை விழுந்துகொண்டே இருந்தாள். மகள் ஒருதடவைகூடச் சிரிக்கவில்லை. ஒரு கையில் மாவுக்கட்டோடு தன் பெயரை ஓங்கிச் சொன்னாள், முணுமுணுத்தாள், அப்பாவைப் போலக் கனத்த குரலில் சொன்னாள், அழுகிற குரலிலும் சொன்னாள். அமுதாவின் இடத்தோள் கறுத்துப்போயிற்று. கிளினிக்கில் நோயாளியின் வாயைத் திறக்கும்போதுகூட அவள் மனதுக்குள் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு பல்லைக் கடித்து நின்றாள்.

விழுவது ஒருநாள் தடுமாற்றமாகக் குறைந்தது. தடுமாற்றம் முழங்கால் நடுக்கமாயிற்று. பிறகு இடத்தோள் மட்டும் வெட்டி இழுத்தது. பிறகு இமை. மாவுக்கட்டைப் பிரிக்கும் நாள் நெருங்கிய ஒரு காலையில் மகள் கூப்பிட்டாள், கூப்பிட்டாள், கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அமுதா தூண் மாதிரி நின்றாள்.

"ஜெயிச்சிட்டம்மா!" என்று மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அமுதாவும் கட்டிக்கொண்டாள். உள்ளே எங்கேயோ ஒரு விளக்கு அணைந்தாற்போல் இருந்தது. களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

இறுதிப்போட்டி ஷா ஆலாமில். பார்வையாளர் வரிசையில் குணாளனும் மகளும். எதிரே பாயு. மதியம் முழுக்க இரண்டு அணிகளும் மாறிமாறிப் புள்ளி எடுத்துச் சமமாக வந்து நின்றன. இனி ஒரு புள்ளி. எடுப்பவர்களுக்குக் கோப்பை.

ஊதல் கேட்டதும் ஐந்து பேரும் அவரவர் அரணுக்கு ஓடினார்கள். அமுதா பாம்பின் தலைப்பக்கம் போய்ப் பதுங்கினாள். அப்போது ஓரத்தில் நின்ற பாயு பயிற்சியாளர் ஒலிபெருக்கியை வாய்க்குக் கொண்டுபோனார். காதுக் கருவி சொல்லிக்கொடுத்ததைக் கடித்துக் கடித்து உச்சரித்தார்.

"கோ...ய்யா!"

முரளி பதுங்கியிருந்த இடத்தைவிட்டு எழுந்து வெட்டவெளியில் சறுக்கிக்கொண்டு போனான். அவன் முகத்தில் இருந்த திகைப்பு அமுதாவுக்குக் கவசக் கண்ணாடி வழியாகவே தெரிந்தது. மார்பில் மஞ்சள் சாயம்.

"மின்விசிரி!"

சசி குதித்தான். வெளியே.

அவளுக்கு அப்போதுதான் விளங்கிற்று. செலவான வார்த்தைகள் எங்கேயும் போகவில்லை. ஐந்து உடம்புகளிலும் அப்படியே கிடந்தன. ஆட்டப் பதிவுகளைப் பார்த்து அவற்றை எல்லாம் அந்தக் கருவி சேர்த்துவைத்திருக்கிறது. அர்த்தம் கண்டுபிடிக்கவேண்டிய அவசியமே இனி அவர்களுக்கு இல்லை. கூப்பிட்டால் போதும். உடம்பு போகும்.

"சாராஸ்வாத்தி!"

சீலன் எழுந்து ஓடினார். தடுத்து நிறுத்தப் பார்க்கிறவர் போல ஒரு கையால் தன் தொடையையே பிடித்துக்கொண்டு ஓடினார். முதுகிலும் கழுத்திலும் சாயம் தெறித்தது. நடுவர் வெளியே கைகாட்டினார்.

மிச்சம் அமுதாவும் பிரேமும்தான்.

"பிரேம்! காதுல எதையும் வாங்காத! கத்து! வாய்ப்பாடு சொல்லு!"

"என்னாக்கா?"

"வாய்ப்பாடு லா! சத்தமா!"

"ஓரெண்டு ரெண்டு!" என்று பிரேம் அலறத் தொடங்கினான். "ஈரெண்டு நாலு! மூவிரெண்டு ஆறு!" ஒலிபெருக்கி முருங்கைக்காய் என்றது, பலாப்பழம் என்றது. அவன் தன் குரலிலேயே மூழ்கிப்போய், அரணுக்குப் பின்னால் இருந்து மாறிமாறிச் சுட்டுக்கொண்டிருந்தான். பாயு ஆட்களுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு பேர் அவனை வளைக்கப் போனார்கள்.

பயிற்சியாளர் இப்போது பாம்பின் பக்கம் திரும்பினார்.

"தூரிகா!"

அமுதா உருண்டு வந்து விழப்போகும் இடத்தை நோக்கி இரண்டு பேர் தலையையும் துப்பாக்கியையும் முழுசாக வெளியே நீட்டிக் காத்திருந்தார்கள். அவள் உருளவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தாள். இமைகூட அசையவில்லை. முதல் குண்டு ஒருவனின் கவசத்தில் வெடித்தது. மற்றவன் புரிந்துகொண்டு தலையை இழுப்பதற்குள் இரண்டாவது.

"தூரிகா! தூரிகா!" ஒலிபெருக்கி கதறியது. வேறு வார்த்தையைத் தேட நேரம் இல்லை. அவள் பாம்புக்குப் பின்னால் ஊர்ந்தாள், எழுந்தாள், ஓடினாள். பின்னால் "ஆறெட்டு நாப்பத்தெட்டு!" என்று பிரேமின் குரல் இன்னும் உயிரோடு இருந்தது. கடைசி அரணைத் தாண்டி, இரண்டு கைகளாலும் மணிப் பொத்தானை ஓங்கி அடித்தாள்.

அதன் பிறகு யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்பதே தெரியவில்லை. மைதானத்துக்குள் ஆட்கள் இறங்கிவிட்டார்கள். சீலன் புல்லில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "எல்லா வளையத்தையும் நாளைக்கே ஆஸ்பத்திரி நோயாளிங்ககிட்டயே கொண்டுபோய்ச் சேக்கறேன்" என்று அமுதாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். யாரோ கோப்பையைக் கொண்டுவந்து அமுதாவின் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அவள் தண்ணீர் குடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த ஒலிபெருக்கிக் கம்பத்தின் கீழேயே நின்றாள். மேலே மலாயிலும் பிறகு தமிழிலும் என்னவோ அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு படத்துக்கு நின்றாள்.

பிரேம் வந்து அவள் தோளைத் தொட்டான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லக் கலைந்துகொண்டிருந்தது.

"அக்கா, கூப்புடறாங்களே. காதுல விழல?"

"யாரை?"

"ஒங்க பொண்ணத்தான். கூட்டத்துல அவங்கப்பாவ விட்டுட்டா போலருக்கு. எவ்வளவு நேரமா அவ பேரச் சொல்லிக்கிட்டு இருக்காங்க."

அமுதா மேலே பார்த்தாள். 'தூரிகா குணாளன் என்ற சிறுமி தகவல் அறையில் இருக்கிறார், பெற்றோர் உடனே வரவும்.' ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. இதுவரையிலும்கூடத் தெளிவாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பிள்ளை, பாவம் என்றுகூட அவளுக்குத் தோன்றியிருந்தது.

கோப்பையைப் பிரேமின் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

தகவல் அறையில் ஒரு நாற்காலியில், மாவுக்கட்டு பிரித்த மெலிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தாள், ஆனால் முகத்தைக் கழுவியிருந்தாள்.

"எத்தன வாட்டி சொன்னாங்க. கேக்கலையாம்மா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் வரல?"

"யாரோன்னு நெனச்சுட்டேன்."

மகள் அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு அமுதா அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். சாயம் காய்ந்த கைகளை உடையில் துடைத்துக்கொண்டாள். மனதுக்குள் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. மறுபடி சொல்லிப் பார்த்தாள். இந்த முறையும் விடமாட்டேன் என்று ஓர் உறுதி மட்டும் எழுந்தது. ஆனால் மெத்தையில் விழுந்து எழுவது போன்ற வேலை இல்லை இது என்பதும் தெரிந்தது.

"ஒனக்கு எப்படி அந்தப் பேரு வந்துச்சுன்னு சொல்லட்டுமா?"

"அது எனக்குத் தெரியுமேம்மா. நூறு தடவ சொல்லியிருக்க."

"எனக்குத் தெரியணும்" என்றாள் அமுதா. "நீ சொல்லு. நான் கேக்கறேன்."

குணாளன் மூச்சிரைக்க வந்து கதவருகே நின்றான். வெளியே ஒலிபெருக்கி கிந்தா மின்னல் அணியைப் பரிசு மேடைக்கு அழைத்தது, அமுதவள்ளியின் பெயரைத் தனியாகவும் சொன்னது. அவள் எழுந்திருக்கவில்லை. மகள் நாற்காலியைவிட்டு இறங்கி அவளுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நான் பொறந்தப்ப ஆஸ்பத்திரி சுவத்துக்குப் பெயிண்ட் அடிச்சிக்கிட்டு இருந்தாங்களாம்" என்று ஆரம்பித்தாள். "வலியில நீ அந்த ஆளோட கையில இருந்த பிரஷ்ஷப் பாத்துக்கிட்டே இருந்தியாம். அது மேல போகும்போது மூச்ச இழுத்தியாம், கீழ வரும்போது விட்டியாம். அப்புறம் நான் வந்தேனாம்..."

அமுதா கண்ணை மூடாமல், மகளின் வாயையே பார்த்தபடி, ஒரு வார்த்தையும் தவறவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.